ஹீட்டட் கிரிப்: அளந்து வாங்குங்கள், அவசரப்படாமல் மாட்டுங்கள்

மார்கழி, தை மாதங்களில் ஊட்டி தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் வண்டி எடுப்பவர்களுக்கு இது தெரியும். புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். உடம்பு ஜெர்க்கினுக்குள் கதகதப்பாகத்தான் இருக்கும், ஆனால் விரல்கள் பத்து நிமிடத்தில் மரத்துவிடும். காற்று 5 டிகிரியில் இருக்கும்போது 60 கி.மீ. வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரி போலத் தெரியும். காற்றே 0 டிகிரி என்றால் மைனஸ் 9. லடாக்கில் 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கும் கார்துங் லா கணவாயில் கோடைக்காலத்திலேயே பனி விழும். அங்கே நிலைமை என்ன என்று சொல்லத் தேவையில்லை. குளிர் வெறும் அசௌகரியம் அல்ல. மரத்த விரல் பிரேக் லிவரைத் தேடிப் பிடிக்க எடுத்துக்கொள்ளும் அந்தக் கூடுதல் நேரத்தில் வண்டி பல மீட்டர் ஓடியிருக்கும்.

ஹேண்டில்பார் பிடிக்குள்ளேயே கம்பி வைத்து, வண்டியின் மின்சாரத்தில் சூடாகும் ஹீட்டட் கிரிப் இதற்கு நல்ல தீர்வு. ஆனால் வாங்கியவர்களில் பலர் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். வாங்கும் முன் வண்டியை அளக்காமல் விடுவது ஒன்று. வலது பக்க கிரிப்பை வெறும் ரப்பர் உறையாக நினைத்து மாட்டுவது இன்னொன்று. வலது கிரிப் ஆக்ஸிலரேட்டரின் ஒரு பாகம். அது ஒட்டிக்கொண்டாலோ வழுக்கினாலோ உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கீழே அந்தப் பகுதி மட்டும் நீளமாக இருக்கிறது.

முதலில் காற்றைத் தடுங்கள்

கிரிப் உள்ளங்கையையும் விரல்களின் உள்பக்கத்தையும்தான் சூடாக்கும். எதிர்க்காற்று அடிப்பதோ புறங்கையில். காற்று நேராக அடிக்கும் வண்டியில் கிரிப்பை முழுச் சூட்டில் வைத்தாலும், உள்ளங்கை சுடும், விரல் நுனி குளிரில் குத்தும். ஆகவே ஹேண்ட் கார்டு (கைக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் தகடு) இல்லாத வண்டிக்கு முதல் செலவு ஹேண்ட் கார்டு. நீலகிரியில் எப்போதாவது ஒரு வார இறுதிக்குப் போய்வருபவருக்கு அகலமான ஹேண்ட் கார்டும் நல்ல குளிர்கால கையுறையும் போதும். தினமும் காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பும் மலைவாசிக்கும், லடாக், ஸ்பிட்டி என்று நாள்கணக்கில் குளிரில் ஓட்டுபவருக்கும் ஹீட்டட் கிரிப் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

கையுறையிலும் ஒரு விஷயம் உண்டு. உள்ளங்கைப் பக்கம் தடித்த பஞ்சு வைத்த கையுறை வெளிக்குளிரைத் தடுப்பதுபோலவே கிரிப்பின் சூட்டையும் தடுத்துவிடும். புறங்கை தடிமனாகவும் உள்ளங்கை மெல்லிய தோலாகவும் இருப்பதைத் தேடுங்கள்.

வண்டி தாங்குமா?

பெரும்பாலான கிரிப் ஜோடிகள் முழுச் சூட்டில் 3 முதல் 4 ஆம்ப் வரை இழுக்கும். 13 வோல்ட்டில் 4 ஆம்ப் என்றால் 52 வாட், அதாவது இன்னொரு ஹெட்லைட் பல்பை ஓயாமல் எரியவிடுவதற்குச் சமம். பெரிய இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கு இது பொருட்டே இல்லை. நம் ஊரில் ஓடும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்குக் கணக்குப் போட்டாக வேண்டும்.

உதாரணமாக, ஸ்டேட்டர் காயில் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் சுருள்) 220 வாட் கொடுக்கும் ஒரு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியை எடுத்துக்கொள்வோம். ஹெட்லைட் 55 வாட். 2017 ஏப்ரலில் இருந்து ஹெட்லைட் தானாகவே எரிய வேண்டும் என்பது விதி, ஆகவே பகலிலும் அந்த 55 வாட் போய்க்கொண்டே இருக்கும். பெட்ரோல் பம்ப்புக்கு ஏறத்தாழ 40, இக்னிஷன், இன்ஜெக்டர், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சேர்த்து 35, டெயில் லைட், மீட்டர் எல்லாம் 10, பேட்டரி சார்ஜ் ஆக 20 என்று வைத்துக்கொண்டால் 160 ஆகிவிடுகிறது. மிச்சம் 60. கிரிப்புக்குச் சரியாக இருக்கும், ஆனால் அதோடு ஃபாக் லைட்டும் போன் சார்ஜரும் சேர்ந்தால் பற்றாது. ஸ்டேட்டரின் முழு வாட், இன்ஜின் நல்ல சுற்றில் ஓடும்போதுதான் கிடைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஐட்லிங்கில் அதில் பாதி வந்தாலே அதிகம். டிராஃபிக்கில் நிற்கும்போது கிரிப் பேட்டரியில் இருந்துதான் குடிக்கும்.

உங்கள் வண்டியின் ஸ்டேட்டர் எத்தனை வாட் என்று சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அது கையில் இல்லையென்றால் மல்டிமீட்டரே சொல்லிவிடும். மீட்டரை பேட்டரி முனைகளில் வைத்து, ஹெட்லைட் ஹை பீமில், பிரேக்கைப் பிடித்தபடி, டர்ன் சிக்னலும் போட்டு, இன்ஜினை 3,000 சுற்றில் நிறுத்துங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் கை தாராளமாக இருக்கிறது. இந்தச் சுமையிலேயே 13-க்குக் கீழே இறங்கினால், கிரிப் வாங்கும் காசை முதலில் எல்இடி பல்பு மாற்றவோ பேட்டரி மாற்றவோ செலவழியுங்கள்.

ஹெட்லைட் நேரடியாக ஏசியில் (மாறுதிசை மின்சாரத்தில்) எரியும் பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதை மாட்ட வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது ஹெட்லைட் வெளிச்சம் கூடி, விட்டால் மங்குகிறதா? அது ஏசி வண்டி. அதில் பேட்டரிக்குப் போகும் மின்சாரம் மிகக் குறைவு. கிரிப் அதைக் காலி செய்துவிடும். அந்த வண்டிக்காரர்களுக்குத் தனி பேட்டரியோடு வரும் சூடேறும் கையுறைதான் சரி.

எதை வாங்குவது

ஹேண்டில்பாரில் கிரிப் உட்காரும் இடத்தின் விட்டம் நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 22 மி.மீ. பெரிய க்ரூஸர்களில் 25.4 மி.மீ., அதாவது ஒரு இன்ச். நடுவில் 28.6 மி.மீ. தடித்து இருக்கும் 'ஃபேட் பார்' கூட முனையில் 22-க்கு மெலிந்துவிடும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய கிரிப்பின் வெளி விட்டத்தை அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஹேண்டில்பார் முனையில் இருக்கும் பார்-எண்ட் வெயிட்டைக் கழற்றி, கிரிப்பின் முனையைச் சற்றுத் தள்ளி, குழாயையே வெர்னியரால் அளக்க வேண்டும்.

அடுத்தது நீளம். பழைய கிரிப்பை ஸ்விட்ச் பெட்டி விளிம்பில் இருந்து பார்-எண்ட் வெயிட் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நீளம் கூடிய கிரிப்பை வாங்கினால் வெயிட் அதன்மேல் அழுத்தி ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரப்பர் கிரிப் என்றால் முனையை வெட்டிச் சுருக்கலாம். ஹீட்டட் கிரிப்பில் உள்ளே சூடேற்றும் கம்பி ஓடுகிறது. தயாரிப்பாளர் வெட்டுவதற்கென்று கோடு போட்டுத் தந்த இடத்தைத் தவிர வேறு எங்கே கத்தி வைத்தாலும் கிரிப் வீண். முனை மூடிய கிரிப்பா, பார்-எண்ட் வெயிட் மாட்டத் திறந்த கிரிப்பா என்பதையும் பெட்டியைப் பிரிக்கும் முன் பாருங்கள்.

தடிமன் பலருக்கு மாட்டிய பிறகுதான் உறைக்கிறது. கம்பியும் கூடுதல் ரப்பரும் சேர்வதால் ஹீட்டட் கிரிப் எப்போதும் கொஞ்சம் குண்டாகத்தான் இருக்கும். சின்னக் கைகளுக்கு, தடித்த கையுறையோடு நாள் முழுக்கப் பிடித்தால் முன்கை வலிக்கும். கடையில் கையுறை போட்டுக்கொண்டு பிடித்துப் பார்ப்பது நல்லது.

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் விஷயத்தில் இரண்டு வழி. ஆக்ஸ்ஃபோர்ட் கிரிப்புகளில் ஐந்து படிநிலை கொண்ட தனிப் பெட்டி வருகிறது, அதை ஹேண்டில்பாரில் எங்காவது பொருத்த வேண்டும். கோசோ அப்பல்லோ போன்றவற்றில் பட்டன் இடது கிரிப்பின் உள்விளிம்பிலேயே இருக்கும். பார்க்க அழகு, ஹேண்டில்பாரில் இடமும் மிச்சம். ஆனால் பட்டன் கெட்டால் கிரிப்பையே மாற்ற நேரும். மொபைல் ஹோல்டர், சார்ஜர், ஃபாக் லைட் ஸ்விட்ச் என்று ஹேண்டில்பார் ஏற்கெனவே நிறைந்திருப்பவர்களுக்கு இரண்டாவது வகை. மற்றவர்களுக்குத் தனிப் பெட்டிதான் நல்லது, கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். எதுவானாலும் பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் தானாக அணையும் வசதி இருக்கட்டும். உயர்-தாழ் என இரண்டே நிலை கொண்ட பெயரில்லாத மலிவு கிட்டுகளில் பெரும்பாலும் அது இருக்காது, வயரும் நூல்போல இருக்கும்.

பழைய கிரிப்பின்மேல் சுற்றி வெல்க்ரோ ஒட்டும் உறைகளும் கிடைக்கின்றன. வாடகை வண்டியில் போகும் ஒரே ஒரு பயணத்துக்குச் சரி. ஆனால் பிடி மிகவும் தடிக்கும், வலது பக்க உறை நகராமல் இறுக்கமாக இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பழைய கிரிப்புக்கு அடியில் ஒட்டும் மெல்லிய ஹீட்டர் தாளும் ஒரு வழிதான். பிடி தடிக்காது, ஆனால் பழைய ரப்பர் சூட்டைக் கடத்தத் தாமதிக்கும்.

ஒட்டும் முன் மேஜையில் சோதியுங்கள்

ஒட்டிய பிறகு கிரிப்பைக் கிழிக்காமல் கழற்ற முடியாது. கெட்ட கிரிப்பைத் திருப்பிக் கொடுக்க முடிவது ஒட்டும் முன்புதான். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒவ்வொரு கிரிப்பின் இரு வயர்களையும் தொடுங்கள். இரண்டும் பேரலலாக இணையும், மொத்தம் 4 ஆம்ப் இழுக்கும் ஜோடி என்றால், ஒவ்வொன்றும் 6.5 ஓம் பக்கம் காட்ட வேண்டும். இடது, வலது இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதே முக்கியம். சில தயாரிப்பாளர்கள் இடது பக்கத்துக்கு வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் சூடு வைப்பார்கள், அப்போது சிறு வித்தியாசம் வரும். மீட்டரைப் பிடித்தபடியே வயர் கிரிப்பில் இருந்து வெளிவரும் இடத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் உள்ளே கம்பி ஒடிந்திருக்கிறது, மாற்றி வாங்குங்கள். பிறகு எல்லா சாக்கெட்டையும் இணைத்து, ஃப்யூஸோடு பேட்டரியில் ஐந்து நிமிடம் வைத்து, இரண்டும் சமமாகச் சூடாகிறதா என்று கையால் பாருங்கள்.

பழைய கிரிப்பைக் கழற்றுதல்

மறுபடி தேவைப்படாது என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம். இடது பக்கம் அடியில் இரும்புக் குழாய், கவலை இல்லை. வலது பக்கம் ரப்பருக்கு அடியில் இருப்பது பிளாஸ்டிக் குழாய், கடையில் த்ராட்டில் பைப் என்று கேட்டால் கிடைக்கும். கத்தி அதில் ஆழமாக இறங்கினால் அங்கேயே பிற்பாடு விரிசல் விடும். கிரிப்பைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை உள்ளே நுழைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் திருகினால் வந்துவிடும். டபிள்யூடி-40 வேண்டாம். அதன் எண்ணெய்ப் படலம் தங்கினால் புதுப் பசை பிடிக்காது. ஏர் கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் இது பத்து நொடி வேலை.

வேலை தொடங்கும் முன்பே புது த்ராட்டில் பைப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலிவான பிளாஸ்டிக்தான். பழையது உடைந்தால் அன்று வண்டி நின்றுவிடும்.

வலது பக்கம்: இங்கேதான் நிதானம்

த்ராட்டில் பைப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது வழவழப்பாக இருக்காது. பழைய கிரிப் சுழலாமல் பிடிக்க அதன்மேல் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள், சிலவற்றில் சதுரக் குமிழ்கள், வெளிமுனையில் ஒரு வளையம். இவை ஒன்றரை மி.மீ. உயரம்தான் இருக்கும். ஆனால் ஹீட்டட் கிரிப்பின் உள்துளை சரியாக 25 அல்லது 26 மி.மீ.-க்குச் செய்த கெட்டிப் பிளாஸ்டிக், அது ரப்பர்போல விரியாது. மேடுகளோடு திணித்தால் கிரிப்பின் உள்சுவர் விரிசல் விடும் அல்லது சூடேற்றும் கம்பி அறுந்துபோகும். சுத்தியலால் தட்டி ஏற்றியவர்களின் கிரிப் ஒரு பக்கம் மட்டும் சூடாவதற்கு இதுதான் காரணம்.

மேடுகளை அரத்தால் ராவி, பிறகு 80 நம்பர் உப்புத்தாள், கடைசியில் 180 நம்பர் உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். ஒரே பக்கமாகத் தேய்த்தால் பைப் கோணலாகி, முறுக்கும்போது கிரிப் ஆடும். உள்முனை, நடு, வெளிமுனை என மூன்று இடத்தில் வெர்னியரால் அளந்துகொண்டே போங்கள். மேடு மட்டும்தான் போக வேண்டும், பைப்பின் சுவர் மெலியக் கூடாது. கிரிப் கை அழுத்தத்தில் மெல்லப் போய் உட்கார வேண்டும், தானாக வழுக்கி விழவும் கூடாது. கூடுதலாகத் தேய்த்துவிட்டால் இன்சுலேஷன் டேப் சுற்றி ஈடுகட்ட வேண்டாம். சூட்டில் டேப்பின் பசை இளகி கிரிப் சுழல ஆரம்பிக்கும். கையில் இருக்கும் புது பைப்பை எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

பசை போடும் முன் வெறுமனே மாட்டி, வயர் வெளிவரும் திசையை முடிவு செய்யுங்கள். நீங்கள் முறுக்கும்போது கிரிப்பின் மேல்பகுதி உங்களை நோக்கியும் அடிப்பகுதி முன்நோக்கியும் போகும். ஆக்ஸிலரேட்டரை விட்ட நிலையில் வயர் நேர் அடியில் இருந்தால், முழுதாக முறுக்கும்போது முன்பக்கம் பிரேக் லிவர் பிடியில் போய் முட்டலாம். கொஞ்சம் முன்னால் வைத்தால் லிவர் பிடியைத் தாண்டி மேலே ஏறும். ஒவ்வொரு வண்டியிலும் லிவர் பிடியின் அமைப்பு வேறு. விட்ட நிலை, முழு முறுக்கு, நடுநிலை மூன்றிலும் வயர் எதிலும் உரசாத இடத்தைக் கண்டுபிடித்து, கிரிப்பிலும் ஸ்விட்ச் பெட்டியிலும் மார்க்கரால் ஒரே கோடு இழுத்துவையுங்கள். பசை போட்ட பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது.

கேபிள் ஆக்ஸிலரேட்டர் வண்டி என்றால் ஸ்விட்ச் பெட்டியைப் பிரித்து, கேபிளைக் கழற்றி, பைப்பை வெளியே எடுத்து மேஜையில் வைத்து ஒட்டுவதே சிறந்தது. பத்து நிமிடம் கூடுதல் வேலை, ஆனால் பசை வழிந்து பைப்பும் ஹேண்டில்பாரும் ஒட்டிக்கொள்ளும் விபத்து நடக்கவே வழியில்லை. ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர் போன்ற ரைடு-பை-வயர் (கேபிளுக்குப் பதில் சென்சர் உள்ள) வண்டிகளில் பைப் எப்படி மாட்டியிருக்கிறது என்று மேனுவலைப் பார்க்காமல் எதையும் பிரிக்க வேண்டாம். சென்சரோடு இணைந்த அமைப்பாக இருந்தால் அதைத் தொடாமல் வண்டியிலேயே ஒட்டுங்கள். வண்டியிலேயே ஒட்டும்போது பைப்புக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவே உள்ள இடுக்கை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள்.

பைப்பையும் கிரிப்பின் உள்பக்கத்தையும் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். கிட்டில் வரும் பசை பெரும்பாலும் சூப்பர் குளூ வகை. பைப்பின்மேல் நீளவாக்கில் மூன்று நான்கு மெல்லிய கோடுகள் போதும். ஸ்விட்ச் பெட்டிப் பக்கம் 2 செ.மீ. விட்டுவிடுங்கள், ஏனென்றால் கிரிப்பைத் தள்ளும்போது பசை முன்னால் உருண்டு அந்தப் பக்கம்தான் சேரும். தயக்கமில்லாமல் ஒரே மூச்சில் தள்ளி, மார்க்கர் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பாதியில் நின்றால் சில நொடியில் அங்கேயே பிடித்துவிடும். ஸ்விட்ச் பெட்டிக்கும் கிரிப்புக்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், வெளிமுனையில் பார்-எண்ட் வெயிட்டுக்கும் அதே இடைவெளி. வழிந்த பசையை உடனே துடைத்துவிட்டு, ஒரு இரவு காயவிடுங்கள்.

இடது பக்கம்

இங்கே சுழற்சி இல்லை, ஆகவே வேலை சுலபம். துருவையும் பழைய பசையையும் சுரண்டித் துடைத்து, கிளட்ச் லிவர் வயரைத் தொடாத திசையில் ஒட்ட வேண்டியதுதான். ஆனால் பலரும் 'இடது கிரிப் சரியாகச் சூடாகவில்லை' என்று குறைப்படுவதற்கு இங்கே காரணம் இருக்கிறது. வலது கிரிப்புக்கு அடியில் பிளாஸ்டிக் பைப், அது சூட்டை உள்ளே போகவிடாமல் தடுக்கிறது. இடது கிரிப் நேராக உலோகக் குழாயில் உட்கார்ந்திருக்கிறது, சூட்டில் ஒரு பங்கை ஹேண்டில்பாரே உறிஞ்சிக்கொள்ளும். கிரிப்பின் துளையில் இடம் இருந்தால் குழாய்மேல் ஒரு சுற்று ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கும் உறை) போட்டுச் சுருக்கிவிட்டு அதன்மேல் ஒட்டுங்கள், கணிசமாக மாறும். இடமில்லை என்றால் திணிக்காதீர்கள்.

வயரிங்

டெயில் லைட் வயரைச் சுரண்டி கிரிப்பை நேரே அதில் முறுக்கிவிடுவதுதான் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு. அந்த வயர் சில வாட் விளக்குக்காகப் போட்டது. அதில் 4 ஆம்ப் ஓடினால் சாக்கெட் உருகும், வண்டியின் ஃப்யூஸ் போய் நடுவழியில் எல்லாம் அணையும். பேட்டரியில் நேராக மாட்டிவிட்டு ஸ்விட்ச்சை நம்புவதும் சரியில்லை. ஒரு நாள் அணைக்க மறந்தால் 8 ஆம்ப்-அவர் பேட்டரி ஓரிரு மணி நேரத்தில் ஸ்டார்ட் செய்ய முடியாத நிலைக்கு வந்துவிடும்.

ரிலே போடுங்கள், அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். நான்கு கால் ரிலேயில் 30-வது காலுக்கு பேட்டரி பாசிட்டிவ், நடுவில் ஃப்யூஸ். 87-ல் இருந்து கிரிப் கன்ட்ரோலரின் சிவப்பு வயர். 86-க்குச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஏதாவது ஒரு வயர், ஆக்ஸசரி சாக்கெட் இருந்தால் அது, இல்லையென்றால் பார்க் லைட் வயர். 85 எர்த்துக்கு. ரிலே காயில் 0.15 ஆம்ப்தான் இழுக்கும், பார்க் லைட் வயர் அதைச் சுலபமாகத் தாங்கும். கன்ட்ரோலரின் கறுப்பு வயர் நேராக பேட்டரி நெகட்டிவுக்குப் போகட்டும். பெயின்ட் அடித்த சேஸியில் எர்த் எடுத்தால் மழைக்காலத்தில் துரு பிடித்துப் படுத்தும்.

ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், 15 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும். வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள நீளத்துக்குப் பாதுகாப்பே கிடையாது. 4 ஆம்ப் கிரிப்புக்கு 7.5 ஆம்ப் ஃப்யூஸ், தயாரிப்பாளர் 5 என்று சொல்லியிருந்தால் 5. ஃப்யூஸ் போகிறது என்று 20 ஆம்ப் மாட்டுபவர்கள் ஃப்யூஸுக்குப் பதில் வயரை எரியவிடுகிறார்கள். மெயின் வயர் 1.5 சதுர மி.மீ. செம்பு.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். அதிர்வில் தளரும், தண்ணீர் புகும். நல்ல கிரிம்பிங் கருவியால் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகப் பிடி) அழுத்தி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். சால்டர் வைத்தால் சால்டர் முடியும் இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும், ஆகவே அதன் இரு பக்கமும் வயரைக் கட்டித் தாங்க வேண்டும். வண்டியின் வயரைக் கீறிப் பிடிக்கும் நீல நிற கிளிப்புகள் நாளடைவில் வயரின் இழைகளை அறுத்துவிடும். கூடியவரை வண்டியின் ஒரிஜினல் வயரை வெட்டாமல் சாக்கெட்டில் இருந்தே எடுங்கள். வாரண்டி பேச்சு வரும்போது அது உதவும்.

வயரை வண்டியின் பழைய வயரிங் போகும் வழியிலேயே கொண்டுபோங்கள். ஹேண்டில்பாரை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பி, எங்கும் இழுபடாமலும் ஃபோர்க்குக்கும் சேஸிக்கும் நடுவில் நசுங்காமலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கேபிள் டையை இறுக்குங்கள். வலது கிரிப்பின் வயருக்கு முழு முறுக்குக்குத் தேவையான தளர்வு இருக்க வேண்டும். கிரிப்பில் இருந்து முதல் 8 செ.மீ.-க்கு எந்தக் கட்டும் போடாதீர்கள். அந்த வளைவுதான் ஆயிரக்கணக்கான முறை வளையப்போகிறது. சாக்கெட்டுகளில் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசி, வயர் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி மறுபடி மேலே ஏறும்படி விட்டால் மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போய்விடும்.

சாலைக்கு எடுக்கும் முன்

இன்ஜினை அணைத்த நிலையில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக முறுக்கிவிட்டு கையை எடுங்கள். 'டக்' என்று தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டில்பார் நேராக, இடது கடைசியில், வலது கடைசியில் என்று மூன்று நிலையிலும் இதைச் செய்யுங்கள். ஒன்றில் சோம்பலாகத் திரும்பினாலும் வண்டியை எடுக்கக் கூடாது. காரணம் பெரும்பாலும் கிரிப் ஸ்விட்ச் பெட்டியை உரசுவது, பார்-எண்ட் வெயிட் அழுத்துவது, இல்லையென்றால் வயர் இழுப்பது. பிறகு இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு ஹேண்டில்பாரைக் கடைசிவரை திருப்புங்கள். சுற்று ஏறினால் கேபிளோ வயரோ இழுபடுகிறது. கேபிளைக் கழற்றியிருந்தால் மேனுவல் சொல்லும் அளவுக்கு ஃப்ரீ பிளேயை, அதாவது கேபிளின் தளர்வைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து மல்டிமீட்டர். ஹெட்லைட்டும் கிரிப்பும் முழு நிலையில், 3,000 சுற்றில் 13.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிம்மதியாகப் போகலாம். 12.8-க்குக் கீழே என்றால் பேட்டரி சார்ஜ் ஆகாமல் கரைந்துகொண்டிருக்கிறது. சாவியை எடுத்ததும் கன்ட்ரோலர் விளக்கு அணைய வேண்டும்.

குளிரில் பேட்டரியின் திறனே குறைந்துவிடும். ஆகவே இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நிமிடம் ஓடிய பிறகே கிரிப்பைப் போடுங்கள். முழுச் சூட்டில் ஐந்து நிமிடம், பிறகு பாதிக்கு இறக்கிவிட்டால் போதும். சர்க்கரை நோயால் கையில் உணர்ச்சி குறைந்தவர்கள் முழுச் சூட்டில் தொடர்ந்து வைக்கக் கூடாது. தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

கோளாறு வந்தால்

ஒரு கிரிப் மட்டும் குளிர்ந்தால் அதன் சாக்கெட்டைக் கழற்றி ஓம் பாருங்கள். மீட்டர் எண்ணே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி போய்விட்டது, 6 ஓம் பக்கம் காட்டினால் கோளாறு சாக்கெட்டிலோ கன்ட்ரோலரிலோ இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது மட்டும் சூடு விட்டுவிட்டு வந்தால் வலது வயர் கிரிப்பின் வாயில் ஒடியத் தொடங்கியிருக்கிறது. முறுக்கும்போது ஃப்யூஸ் போனால் அங்கேயே உறை கிழிந்து உலோகத்தைத் தொடுகிறது. இரண்டும் மந்தமாகச் சூடானால் எர்த்தையும் ரிலே கால்களையும் பாருங்கள். கிரிப் ஓடும்போது தானாக அணைந்து அணைந்து எரிந்தால் அது கிரிப்பின் குறை அல்ல, வோல்டேஜ் இறங்குவதைக் கன்ட்ரோலர் சொல்கிறது. முதலில் பேட்டரி, அடுத்து சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், கடைசியில் ஸ்டேட்டர் என்ற வரிசையில் தேடுங்கள்.

வலது கிரிப் கொஞ்சமாவது வழுக்கிச் சுழன்றால் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினால் வயர் முறுக்கிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துவிடும். வாரம் ஒரு முறை வண்டி துடைக்கும்போது, வலது கிரிப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையால் பார்-எண்ட் பக்கம் தெரியும் பைப்பின் விளிம்பைப் பிடித்து எதிர்த்திசையில் திருக முயன்று பாருங்கள். பார்-எண்ட் வெயிட் மறைக்கும் வண்டியில் பைப்பும் கிரிப்பும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் போதும், கோடு விலகியிருந்தால் பசை விட்டுவிட்டது.

லே பக்கம் கிளம்புபவர்கள் டூல் பையில் இரண்டு 7.5 ஆம்ப் ஃப்யூஸ், ஒரு ரிலே, ஒரு சிறிய குழாய் பசை, அந்த உபரி த்ராட்டில் பைப், கூடவே கழற்றிய பழைய வலது கிரிப் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பழையதைக் கிழித்துக் கழற்றியிருந்தால் புதிதாக ஒரு சாதாரண கிரிப்.